மூன்று பிரதிகள்

கல்முனை பஸ் நிலையத்துக்கு எதிரே
போட்டோக் கொப்பிக் கடைப் பையன்
பக்கங்களைத் தட்டி அடுக்கும்போது
முதல் வரியை வாசித்துவிட்டான்.
மீதிக் காசு தருகையில் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நூற்றி முப்பத்தெட்டுப் பக்கம், மூன்று பிரதி,
நீலச் சுருள் கம்பி.
சோற்றுப் பார்சல் போல இன்னும் சூடு.
பதினொரு வருடக் குடித்தனத்தைக்
கைப்பைக்குள் வைத்துக்கொண்டு
சாய்ந்தமருதுக்கு நடந்தே வந்தேன்.

தம்பி முபீத் ஒரே இரவில் முடித்தான்.
குறிப்பு எதுவும் எழுதவில்லை, போனில் சொன்னான்:
"காதியார்ட பேர எடு. ஊர்ட பேர எடு.
கரையோரத்தில ஒரு ஊர் எண்டு போடு."
கொஞ்சம் பொறுத்து,
"என்ட பேரையும் எடு ராத்தா."
எடுத்துப் பார்த்தேன்.
பேர்கள் போனதும் அந்த அத்தியாயத்தில்
கிறீச்சிடும் ஒரு மின்விசிறியும்
கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரையும்
என் கையெழுத்தும்தான் மிஞ்சின.
எல்லாப் பேரையும் திரும்பப் போட்டேன்,
அவனுடையதைத் தவிர.

கல்லடியிலிருந்து கோகிலவதனி
பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள்.
மஞ்சள் ஒட்டுத்தாள்கள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன.
கடைசித் தாளில்:
"உன்ர மனிசன் இந்தப் புத்தகத்தில
கதவு அடிக்கிற சத்தமாத்தான் இருக்கிறார்.
ஒருக்காவாவது அவருக்குச் சாப்பாடு போடு."

ஒரு கிழமை அவளோடு பேசவில்லை.
எட்டாம் நாள் சூடை மீன் ஆயும்போது
கை நின்றது.
மகளுக்கு முள் எடுத்துக் கொடுத்தது அவர்தான்.
ஒவ்வொரு முள்ளாக
விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்து,
பீங்கான் ஓரத்தில் அடுக்கி வைப்பார்.
எழுதினேன். எழுதியது பிடிக்கவில்லை.
உண்மை என்பதால் விட்டு வைத்தேன்.
அதற்குப் பிறகு
அவர் பையோடு படியிறங்கும் பக்கத்தை
என்னாலேயே வாசிக்க முடியவில்லை.
வீடு என் பேரில். எங்கள் பக்கத்தில்
வெளியேறுவது ஆண்கள்தான்.
செருப்பை எங்கே விட்டோமென்று
முற்றத்தில் அவர் தேடிய நேரம்
முன்பு இரண்டு வரி.
இப்போது அரைப் பக்கம்.

ஜெஸீலா டீச்சரிடம் சிவப்புப் பேனை.
"கருத்தெல்லாம் சொல்லத் தெரியா கா,
பிழை மட்டும் பாக்கிறன்" என்றாள்.
பார்த்தாள். சந்தி, ஒற்று, ளகரம், ழகரம்.
பஸஹ் என்ற சொல்லை
எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதச் சொல்லி
பன்னிரண்டு வட்டம்.
அறுபத்தோராம் பக்கத்தில் மட்டும் சிவப்பே இல்லை.
அந்த இரவைப் பற்றிய பக்கம்.
அதில் மூன்று பிழை இருக்கிறது.
பொருத்துக்கொண்டேன் என்று
சின்ன ர போட்டிருக்கிறேன்.
ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட
அந்த ரகரத்தை மன்னிக்காதவள்.
பிரதியைத் தரும்போது "நல்லாரிக்கி" என்றாள்,
முக்காட்டை முன்னுக்கு இழுத்துவிட்டாள்.
வெளியே அவள் புருஷன் ஹோர்ன் அடித்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை.

நாலாவது ஆளுக்கு நான் கொடுக்கவில்லை.
மெத்தைக்குக் கீழே ஒளித்த மூலப் பிரதியில்
தொண்ணூற்றிரண்டாம் பக்க ஓரம்,
அழித்துவிடலாம் போல மெல்லிய பென்சில்:

"அண்டைக்கு மழை இல்ல உம்மா.
முத்தம் ஈரமாக் கிடந்தது
நீங்க வாளியக் காலால தட்டினதால."

அப்போது அவளுக்கு ஆறு வயது.

அந்த மழையை எவ்வளவு அழகாக எழுதியிருந்தேன்.
மாவடிப்பள்ளி வீதியை வெள்ளம் மூடியதும்
பஸ் இல்லாமல் அவர் நனைந்துகொண்டே போனதும்.
ஒருவரும் குறை சொல்லவில்லை.
கோகிலவதனி பக்கத்தில் நட்சத்திரம்கூடப் போட்டிருந்தாள்.

இன்று மழையை வெட்டினேன்.
அவர் காய்ந்த சட்டையோடு போகிறார்.
பிரதியை மெத்தைக்குக் கீழே வைக்கவில்லை,
அவள் கணக்குக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்தேன்.
வாளியை இன்னும் எழுதவில்லை.